குணமாகிவிட்ட பத்மாக்காவைத் தேடி

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயிலை விட்டு இறங்கியபோது உடம்பு நன்றாக இருந்தது. அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

இரவெல்லாம் பெர்த்தில் புரண்டுகொண்டிருந்தவளுக்குக் காலையில் தலை கனக்க வேண்டும். எழுந்து நின்றால் நெஞ்சு படபடக்க வேண்டும். ஒன்றும் இல்லை. பிளாட்பாரத்தில் பெட்டியை நானே இழுத்துக்கொண்டு நடந்தேன். மேற்கே மலை நீலமாகத் தெரிந்தது. காற்று இதமாக இருந்தது. எங்கேயோ ஒளிந்திருக்கிறது, சமயம் பார்த்துத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் எனக்குக் கொரோனா வந்தது. பத்து நாளில் காய்ச்சல் போய்விட்டது. அதோடு வந்தவை போகவில்லை. நான் சென்னை அம்பத்தூரில் வேதியியல் டீச்சர். இப்போது ஒரு நாளைக்கு இரண்டே பீரியட், அதுவும் நாற்காலியில் உட்கார்ந்து. சில நாள் சமைத்து, துவைத்து, மாடியேறித் துணி காயப்போட்டு வந்தாலும் ஒன்றும் ஆகாது. சில நாள் தலைக்குக் குளித்த குற்றத்துக்கு இரண்டு நாள் படுக்கை. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே 'சோடியம்' என்ற சொல் வாயிலிருந்து காணாமல் போகும். பால் ஒரு வாரம் பாலாக மணக்கும், அடுத்த வாரம் எரிந்த டயராக நாறும். எடுத்த பரிசோதனை எல்லாவற்றிலும் 'நார்மல்' என்றே வந்தது. ஒரே ஒரு டாக்டர்தான், வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி நீளும் என்றும், இதற்கென்று தனி மருந்து கிடையாது, உடம்பு தருகிற அளவுக்குள் வாழப் பழகுங்கள் என்றும் சொன்னார். அவர் சொன்னதையும் நான் முழுதாக நம்பவில்லை. நம்புகிற பழக்கமே விட்டுப்போயிருந்தது.

இதே போல் இருப்பவர்கள் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். எழுதக் கை வலிக்கும் என்பதால் எல்லாரும் குரலில்தான் பேசுவோம். அதில்தான் ராஜபாளையம் பத்மாக்கா பழக்கமானார். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் துணியைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவர். காய்ச்சலுக்குப் பிறகு அரை மணி நேரம் நிற்க முடியாமல் வேலையை விட்டவர். ஒன்றரை வருடம் நாங்கள் தினமும் பேசினோம். என் கணவரிடம் சொல்லாததைக்கூட அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முன் பத்மாக்கா குழுவில் பேசினார்: "எனக்கு முழுசா நல்லாயிருச்சு. வத்திராயிருப்புக்கு மேற்க ஒரு தோப்புக்குள்ள மலையாண்டி வைத்தியர்னு இருக்காக. அவிய குடுத்த கசாயம்தான்."

அதற்குப் பிறகு என்னிடம் தனியாகப் பேசுவதை நிறுத்திவிட்டார். வைத்தியரின் விலாசம் கேட்டவர்களுக்கு மழுப்பலான பதில் வந்தது. திருச்சியில் முருகேசன் அண்ணன் என்று ஒருவர், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கசாயம் குடிப்பதற்கு முன் உடம்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்று தானாகவே முடிவுகட்டி, இருதயத்துக்குச் சாப்பிட்டுவந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். நாங்கள் சொல்லிச் சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை. "பத்மாவே எந்திருச்சு நடக்குது, எனக்கென்ன?" என்றார்.

இதில் வியாபாரம் இருக்கிறது என்பது என் ஊகம். முதலில் ஆளை நம்பவைப்பார்கள், பிறகு பாட்டில் விலை சொல்வார்கள். நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். கசாயம் நிஜமாக இருந்தால் ஒரு பாட்டில் எனக்கும் வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அதைக் கணவரிடம் சொல்லவில்லை.

லாட்ஜில் மேல் மாடி அறையைக் கொடுத்தார்கள். கீழே வேண்டும் என்றேன். சாவி கொடுப்பவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"காலு வலியா?"

"இல்ல. படி ஏறக் கூடாது."

"நல்லாத்தான் இருக்கீக."

இந்த வாக்கியத்தை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பேன்! கடைசியில் கீழே ஓர் அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர். நல்ல அறையை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. எனக்கு அப்படித்தான் தோன்றும்.

மத்தியானம் வரை படுத்திருந்துவிட்டு வெளியே வந்தேன். கோபுரத்தைத் தள்ளி நின்று பார்த்தேன். பிராகாரம் சுற்ற எத்தனை அடி நடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டதும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். இந்த ஊருக்கு வந்து பால்கோவா சாப்பிடாமல் போனால் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள். கடைக்காரர் கரண்டியால் கொஞ்சம் எடுத்துக் கையில் வைத்தார். சூடாக இருந்தது. வாயில் போட்டேன். எரிந்த ரப்பர்.

என் முகம் மாறியதை அவர் பார்த்துவிட்டார். "என்னம்மா, பிடிக்கலையா? இன்னைக்குக் கிண்டுனதும்மா."

"உங்க மேல தப்பில்ல. எனக்கு வாசனை சரியாத் தெரியாது."

அவர் தானும் ஒரு துளி எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். பிறகு கடாயைக் குனிந்து மோந்தார். என்னை அவர் நம்பவில்லை, ஆனால் தன் சரக்கின் மேலும் அவருக்கு ஒரு நொடி சந்தேகம் வந்துவிட்டது. பாவமாக இருந்தது. அரைக் கிலோ வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் பத்மாக்காவுக்குப் போன் செய்து ஊருக்கு வந்திருப்பதைச் சொன்னேன்.

"டீச்சர், நெசமாவா? ஒத்தையிலயா வந்தீக?"

"ஆமாக்கா. நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றேன்."

"வீட்டுக்கு வேண்டாம். வெள்ளையடிக்காக, ஒரே தூசி. நானே வெளிய வாரேன். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பேக்கரி இருக்கு, பதினோரு மணிக்கு வாங்க."

பேச்சுக்கு நடுவே அவர் மூச்சு வாங்கியது. பொய் சொல்பவர்களுக்கு மூச்சு வாங்கும் என்று முடிவு செய்தேன். அதே மூச்சுத்தான் எனக்கும் வாங்குகிறது என்பது அப்போது தோன்றவில்லை.

மறுநாள் ராஜபாளையம் பஸ்ஸில் உட்கார இடமில்லை. அரை மணி நேரம்தானே, கம்பியைப் பிடித்துக்கொண்டு சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். கண் ஓரம் கறுத்தது. கையில் கட்டியிருந்த வாட்ச் நாடித்துடிப்பு நூற்று முப்பது என்றது. அந்த வாட்ச் அடிக்கடி பொய் சொல்லும். இந்த முறை சொல்லவில்லை. அப்படியே பஸ்ஸின் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"யம்மா, என்ன ஆச்சு? வாந்தியா?" என்று கண்டக்டர் குனிந்தார். யாரோ எலுமிச்சம்பழம் நீட்டினார்கள். பக்கத்து சீட்டில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள்.

"மயக்கம் வந்த முகமா இது? சீட்டுக்காக நடிக்குது."

"நடிக்கட்டுமே. அதுக்கும் ஏதோ கஷ்டம் இருக்கப் போய்த்தானே நடிக்குது. நான் எந்திரிக்கேன்."

அந்த இரண்டாவது பெண் எழுந்து என் தோளைப் பிடித்து ஏற்றி உட்காரவைத்தார். அம்பத்தூரில் என் எதிர்வீடு தெலுங்குக் குடும்பம். நான் அவருக்குத் தெலுங்கிலேயே நன்றி சொன்னேன். முதல் பெண் ராஜபாளையம் வரும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். சென்னை பஸ்ஸாக இருந்தால் யாரும் நடிப்பு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். எழுந்து இடம் கொடுத்திருக்கவும் மாட்டார்கள்.

பேக்கரியில் பத்மாக்கா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். போட்டோவில் பார்த்ததைவிட நல்ல உயரம். மாம்பழ நிறத்தில் கஞ்சி போட்ட சேலை, தலை நிறைய மல்லிகைப் பூ, முகத்தில் பவுடர். என் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"எம்புட்டு மெலிஞ்சு போயிருக்கீக டீச்சர்!"

டீயும் பன்னும் வந்தன. டீ குடித்தால் படபடப்பு வரும் என்று ஒரு வருடம் முழுக்க என்னிடம் புலம்பியவர், சூடாக எடுத்து இரண்டு வாய் குடித்தார். மகள் ஹேமாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை பார்த்திருப்பதாகவும், அடுத்த மாதம் நிச்சயம் என்றும் சொன்னார். நான் வைத்தியர் பேச்சை எடுத்தேன்.

"அவரைப் பாக்கணும்க்கா. கூட்டிட்டுப் போங்க."

"இப்ப மலைக்கு மேல போயிருக்காக. மூலிகை பறிக்க. எப்ப வருவாகன்னு தெரியாது."

"ஃபீஸ் எவ்வளவு?"

"அதெல்லாம் வாங்க மாட்டாக."

இலவசம் என்றதும் எனக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. அவருடைய இடது கை மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்திருப்பதையும், விரல் நுனிகள் வெளுத்திருப்பதையும் கவனித்தேன். பயப்படுகிறார் என்று குறித்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் ஆவதற்குள் எழுந்துவிட்டார். "இன்னொரு நாளைக்குப் பேசுவம்" என்று விறுவிறுவென்று வெளியே போனார். பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். தெருமுனையில் ஓர் ஆட்டோ, பக்கத்தில் திரை இறக்கிவிட்டு, இவருக்காகவே காத்திருந்தது. உள்ளே யாரோ இருந்தார்கள். ஒரு கை வெளியே நீண்டு அவரை உள்ளே இழுத்தது.

கூட்டாளி, என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் உடம்பு மறுபடியும் நன்றாக இருந்தது. பஸ்ஸில் நின்று வந்ததற்கு இன்றைக்குத் தண்டனை வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதுதான் இந்த நோயின் பெரிய அயோக்கியத்தனம். எதற்கு அடிக்கும், எதற்கு விடும் என்று ஒரு விதி கிடையாது. விட்டது வரை லாபம் என்று வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. சுந்தரபாண்டியம் தாண்டியதும் இரண்டு பக்கமும் தென்னை, வயல், மாந்தோப்பு. மலை கிட்டக் கிட்ட வந்தது.

டீக்கடையில் ஒரு தோப்புக் குத்தகைக்காரர் உட்கார்ந்து, லாரியில் மாங்காய் ஏற்றுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன்.

"மலையாண்டி வைத்தியரா? மாட்டுக்கா, மனுசனுக்கா?"

"மனுசங்களுக்கு. கசாயம் கொடுப்பாராம். மேற்கே தோப்புக்குள்ள."

"மேற்க இருக்கிற தோப்பு பூரா எனக்குத் தெரியும். அப்படி யாரும் கெடையாதே." அவர் குரல் மாறியது. "நீங்க யாரு? ஆபீசுல இருந்து வாரீகளா?"

"இல்ல, நான் நோயாளி."

"பாத்தா அப்படித் தெரியலையே."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், குத்தகைக்காரரின் காதில் ஏதோ சொன்னார். மாம்பழத்தைப் பழுக்கவைக்கும் முறையைச் சோதிக்க வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. லாரியின் மேல் சட்டென்று தார்ப்பாய் ஏறியது. என் ஹேண்ட்பேக்கிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினேன். குத்தகைக்காரர் அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுறவரு ஒருத்தர் இருந்தாரு. அவரும் போய்ச் சேந்துட்டாரு. ஒங்ககிட்ட யாரோ கத விட்டிருக்காகம்மா." இரண்டு மாம்பழத்தைக் கையில் திணித்தார். "செத்த நேரம் நெழல்ல இருந்துட்டுப் போங்க. வெயிலு ஏறுது."

நான் இருக்கவில்லை. கோபம் வந்துவிட்டது. கசாயத்துக்கு ஏமாற்று விலை வைத்திருந்தால்கூட ஒரு பாட்டில் கையில் கிடைத்திருக்கும். வைத்தியரே இல்லை என்றால், முருகேசன் அண்ணன் எதற்காக மாத்திரையை நிறுத்தினார்? நான் எதற்காக இத்தனை தூரம் வந்தேன்?

ஒரு தீபாவளிக்குப் பத்மாக்கா எனக்குக் காராச்சேவு பார்சல் அனுப்பியிருந்தார். அந்த அட்டையிலிருந்த விலாசத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து பஸ் மாறி, ராஜபாளையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். பஸ் மாறும்போதே கெண்டைக்காலில் அந்தப் பழைய கனம் ஏறத் தொடங்கியிருந்தது. தெரிந்தும் போனேன்.

சுவரில் வெள்ளையடித்த அடையாளம் எதுவும் இல்லை. அழுக்குப் படிந்த பழைய சுவர். கேட்டைத் திறந்து கதவைத் தட்டினேன். இருபத்தி நாலு, இருபத்தைந்து வயதுப் பெண் பாதிக் கதவைத் திறந்தாள். ஹேமா.

"அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்றாள்.

"ஹேமா, நான் சென்னையிலிருந்து வர்ற டீச்சர். நேத்து ஆட்டோவுல இருந்தது நீதானே?"

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவர்கள் வீட்டு மொழியான தெலுங்கில் பத்மாக்காவின் குரல் வந்தது. "வரச் சொல்லு. போதும்."

உள் அறையில் ஜன்னல் மேல் போர்வை தொங்கியது. பத்மாக்கா பாயில் படுத்திருந்தார். கண் மேல் ஈரத்துண்டு. நேற்றுக் கட்டியிருந்த அதே மாம்பழ நிறச் சேலை. கசங்கிச் சுருண்டிருந்தது. தலையில் நேற்று வைத்த மல்லிகை பழுப்பாக வாடி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கக் கை தூக்க முடியவில்லை என்று பிறகு சொன்னார். ஹேமா தொட்டாலும் தலைத்தோல் வலிக்கிறது என்று விட்டுவிட்டார்களாம்.

மேஜை விளிம்பைப் பிடித்திருந்த கை எதற்கு, தெருமுனை ஆட்டோ எதற்கு, அதில் திரை எதற்கு என்று எனக்கு அப்போது தெரிந்தது. முக்கால் மணி நேரம் என் முன்னால் நன்றாக இருப்பதற்காக அவர் இந்தப் பாயில் விழுந்து கிடக்கிறார். விழவைத்தது நான்.

"வத்திராயிருப்புக்குப் போயிட்டு வர்றேன்" என்றேன். குரலில் கோபம் மிச்சம் இருந்தது.

"தெரியும். போவீகன்னு தெரியும்."

"எதுக்குக்கா?"

அவர் மெதுவாகச் சொன்னார். ஹேமாவுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கியதும், பெண்ணின் அம்மாவுக்கு ஏதோ பேர் தெரியாத நோய் என்று மாப்பிள்ளை வீட்டுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். வம்சத்தில் வருமோ என்று அங்கே பேச்சு. கொஞ்ச நாளில் எங்கள் குழுவில் புதிதாக ஒரு பெண் சேர்ந்தார். தன் தங்கைக்காக என்று சொல்லிக்கொண்டு நிறையக் கேள்வி கேட்டார். அந்த நம்பர் பத்மாக்காவிடம் ஏற்கெனவே இருந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா.

"என்னைய வேவு பாக்க வந்தாக டீச்சர். ஒரு நாள் எல்லாருக்கும் முன்னால, 'பத்மா, நீங்க இப்ப எப்படி இருக்கீக?'ன்னு கேட்டாக. நல்லாயிருச்சுன்னு சொல்லிட்டேன். அதோட விட்டாகளா? எப்படி நல்லாச்சுன்னு நீங்க அம்புட்டுப் பேரும் கேட்டீக. அதுக்கு ஒரு வைத்தியரு வேண்டியிருந்துச்சு."

"என்கிட்டயாவது தனியாச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க என்னைய நம்பியா வந்தீக? நெசத்தச் சொல்லுங்க."

என் உடம்பை நம்பாதவர்களைப் பற்றி எத்தனை நாள் இவரிடம் அழுதிருக்கிறேன்! நானும் அதே கண்ணோடுதான் எதிரில் உட்கார்ந்து இவருடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கமிஷன் வாங்குறீங்கன்னு நினைச்சேன்" என்றேன்.

துண்டுக்கு அடியில் அவர் உதடு லேசாகச் சிரித்தது. பிறகு அழுதது.

முருகேசன் அண்ணன் விஷயத்தை அப்போதுதான் சொன்னேன். குற்ற உணர்ச்சியில் பத்மாக்கா குழுவில் யார் பேசுவதையும் கேட்பதை நிறுத்தியிருந்தார். துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாத்திரையவா? என்னாலயா?"

கதவருகே நின்ற ஹேமாவுக்கும் இது புதிது. அம்மா குழுவில் பொய் சொன்னது அவளுக்குத் தெரியாது; நான் வருத்தப்படக் கூடாது என்றுதான் அம்மா நேற்று நடித்ததாக நினைத்திருந்தாள். "எனக்காகவாம்மா?" என்று கேட்டாள். பிறகு போனை எடுத்து வந்து அம்மாவின் வாயருகே பிடித்தாள். "பேசும்மா. அவிய பெரியம்மா கேட்டாக் கேக்கட்டும். பேசு."

பத்மாக்கா பேசினார். நடுவில் மூன்று முறை நின்றார்.

"நான் பத்மா பேசுதேன். மலையாண்டி வைத்தியருன்னு யாரும் கெடையாது. கசாயமும் கெடையாது. எனக்கு நல்லாகல. இப்பவும் படுத்துக்கிட்டுத்தான் பேசுதேன். முருகேசன் அண்ணே, ஒங்க கால்ல விழுதேன், இன்னைக்கே டாக்டரப் பாத்து மாத்திரையப் போடுங்க. வீட்டுக் காரணத்துக்காகப் பொய் சொன்னேன். மன்னிச்சுருங்க."

பத்து நிமிடத்தில் முருகேசன் அண்ணனே அழைத்தார். இரண்டு நாளாகக் கால் வீங்கியிருக்கிறதாம். இப்போதே மகளோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதாகச் சொன்னார். திட்டவில்லை. வைப்பதற்கு முன் மட்டும், "கசாயம் இல்லன்னாக்கூடப் பரவாயில்ல பத்மா. ஒருத்தருக்காவது நல்லாச்சேன்னு மூணு மாசமா தெம்பா இருந்தேன்" என்றார்.

ஹேமா போனை அணைத்துத் தரையில் வைத்தாள்.

எழுந்து லாட்ஜுக்குப் போகலாம் என்று சுவரைப் பிடித்தேன். கால் இல்லை. இரண்டு நாள் சும்மா விட்டதெல்லாம் மொத்தமாக வந்து இறங்கியது. வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. ஹேமா பத்மாக்காவின் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாயை விரித்தாள். கணவரிடம் நானே போனில் உண்மையைச் சொன்னேன். கசாய ஆசை உட்பட. "எனக்குத் தெரியும். நீ ஃபிரிட்ஜில் பாட்டிலுக்கு இடம் ஒதுக்கி வச்சிருந்ததைப் பார்த்தேன்" என்றார்.

நாலாம் நாள் முழுக்க நான் பார்த்த ராஜபாளையம் அந்த அறையின் கூரைதான். மோர்ச் சோற்றை ஹேமா தட்டில் கரைத்துக் கொடுத்தாள். வத்திராயிருப்பு மாம்பழத்தை நறுக்கிக் கொடுத்தாள். வாசனை சரியாகத் தெரிந்தது. அதையும் சந்தேகத்தோடுதான் தின்றேன்.

பதினோரு மணி இருக்கும். கேட் சத்தம் கேட்டது. ஹேமா ஜன்னல் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு வெளிறிப்போய்த் திரும்பினாள். "அம்மா, அவங்க அம்மா வந்திருக்காங்க." மாப்பிள்ளையின் அம்மா.

பத்மாக்காவின் உள்ளங்கை தரையில் அழுந்தியது. தோள் அரை அடி எழும்பியது. மூன்று மாதப் பழக்கம். பிறகு அப்படியே திரும்பப் படுத்துக்கொண்டார். "இங்கயே வரச் சொல்லு" என்றார்.

வந்தவர் நிலைப்படியில் நின்றுவிட்டார். பட்டப்பகலில் இருட்டு அறையில் இரண்டு பொம்பளைகள் மல்லாந்து கிடந்தால் யாரும் நிற்கத்தான் செய்வார்கள்.

"ஒரு ஆளுன்னுல்ல அக்கா சொன்னாக" என்றார்.

"இவிய மெட்ராஸ்ல டீச்சரு. இவியளுக்கும் இதே சீக்குத்தான்" என்றார் பத்மாக்கா. "உக்காருங்க. என்னால எந்திரிக்க முடியல."

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். போலீஸ் விசாரணை மாதிரி கேள்விகள் வந்தன. எப்போதிலிருந்து? ஒட்டுமா? எந்த டாக்டர்? மாடியேற முடிகிற ஆளுக்கு மறுநாள் எப்படிப் பல் விளக்க முடியாமல் போகும்?

"எங்களுக்கே தெரியாது" என்றேன் நான்.

"ஹேமாவுக்கு வருமா?"

"அவளுக்கும் அப்ப காய்ச்சல் வந்துச்சு, ஒண்ணும் ஆகாமப் போயிருச்சு" என்றார் பத்மாக்கா. "இனிமே வராதுன்னு நான் எழுதித் தர முடியாது. ஒங்க மகனுக்கும் யாரும் எழுதித் தர முடியாது."

ஹேமா கதவை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்தவர் எழுந்து, குனிந்து, பத்மாக்காவின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. அந்த முகத்தில் நான் நன்றாக அறிந்த அந்தப் பார்வை வந்து போனது.

"முன்னாடியே என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீகளா?"

அவர் யோசித்தார். "மாட்டேன்."

"இப்ப?"

"இப்பவும் பாதிதான்" என்றார். ஹேமா கொண்டு வந்த காபியைத் தொடாமல் போய்விட்டார்.

காபி குடிக்காமல் போனால் என்ன அர்த்தம் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். ஹேமா அந்தக் காபியை எடுத்து அவளே மடமடவென்று குடித்தாள். குடித்துவிட்டு, பத்மாக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து, வாடிய மல்லிகையை ஒவ்வொரு பூவாக முடியிலிருந்து எடுத்தாள். பத்மாக்கா வலியில் முகம் சுளித்தார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆறாம் நாள்தான் என்னால் ரயில் ஏற முடிந்தது. பத்மாக்கா வாசல் வரை வரவில்லை. வர வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. படுத்தபடியே கையைத் தூக்கினார்.

முருகேசன் அண்ணன் நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, மாத்திரையோடு வீட்டுக்கு வந்தார். குழுவில் இரண்டு பேர் பத்மாக்காவைத் திட்டிவிட்டு விலகினார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து மூன்று வாரம் பேச்சே இல்லை. பிறகு, நிச்சயத்தை வைத்துக்கொள்ளலாம் என்று ஆள் வந்தது. பத்மாக்கா எனக்குப் போன் செய்தார். "எதுக்கு ஒத்துக்கிட்டாகன்னு புரியல டீச்சர். இதுல என்னமோ இருக்கு" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பையன் பிடிவாதம் பிடித்திருப்பான் என்று சமாதானம் சொன்னேன்.

நிச்சயம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. நான் போகவில்லை. அன்று எனக்குக் கண் திறக்க முடியாத நாள். இரண்டு நாள் கழித்துப் பத்மாக்காவின் குரல் வந்தது. பின்னால் மின்விசிறி ஓடும் சத்தம். படுத்துக்கொண்டு பேசியிருக்கிறார்.

"நான் பூரா நேரமும் நாற்காலியிலயே இருந்தேன் டீச்சர். தட்டு மாத்தும்போதுகூட எந்திரிக்கல. மாப்பிள்ளையோட பெரியம்மா வந்து பக்கத்துல உக்காந்தாக. போட்டோவுக்குக் கூப்புட்டாக, நான் போகல. அவியளும் போகல. என்னைய இன்னும் வேவு பாக்காகன்னு நெனச்சு மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். எல்லாரும் பந்திக்குப் போனதும் என் காதுகிட்ட வந்தாக. 'இப்படி ஒரு நாள் அலைஞ்சா எனக்கு மறுநாள் ஒண்ணும் தெரியாது, அதுக்கு அடுத்த நாள்தான் சாயுவேன். உங்களுக்கு எப்படி?'ன்னு கேட்டாக."